ஓர் உழக்கு வெளிச்சம்

எனக்குப் போட்டோ பிடிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நாட்டில் ஒரு தவறான அபிப்பிராயம் உலவுகிறது. அந்த அபிப்பிராயத்தை நம்பித்தான் என் தங்கை மகன் ஒரு டிஜிட்டல் காமிராவை என் கையில் திணித்தான்.

"மாமா, ராயபுரத்தைப் பத்தி எழுதப் போறீங்களாமே! வெறுங்கையோட போகாதீங்க. பொத்தானை அமுக்கினாப் போதும், மத்ததை அதுவே பார்த்துக்கும்" என்றான்.

1888-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தம்முடைய முதல் கோடக் காமிராவை விற்றபோதும் ஏறக்குறைய இதையேதான் சொல்லி விற்றார். அன்று முதல் இன்று வரை காமிரா விற்பவர்களும் காமிரா கொடுப்பவர்களும் சொல்லும் வார்த்தை மாறவில்லை. அதை நம்புகிறவர்களும் குறையவில்லை.

முதலில் ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போனேன். தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் வண்டி புறப்பட்ட இடம் அது. 1856-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு அதைத் திறந்து வைத்தார். ஜூலை முதல் தேதியிலிருந்து பொது ஜனங்கள் வாலாஜா ரோடு வரை பிரயாணம் செய்தார்கள். 1873-ல் சென்ட்ரல் வந்த பிறகு அதன் மவுசு குறைந்துவிட்டது. ஆனால் வெண்மையான அந்தத் தூண்கள் மட்டும், ஜமீன் போன பிறகும் ஜரிகைத் தலைப்பாகையைக் கழற்றாத பெரிய மனிதரைப் போல இன்னும் நிமிர்ந்து நிற்கின்றன. தூண்களை நெருங்கி நின்று பொத்தானை அமுக்கினேன். படத்தில் வெள்ளைத் தூண்கள் அழுக்கு வேட்டி நிறத்தில் விழுந்திருந்தன.

அங்கிருந்து காசிமேடு மீன்பிடி துறைமுகத்துக்கு நடந்தேன். நல்ல உச்சி வெயில். ஏலம் முடிந்துவிட்டது. விசைப்படகுகளின் ஓரத்தில், கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். வெற்றிலை இடித்துக் கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னா நைனா, படகையே படம் புடிக்கிறே? என்னை ஒண்ணு புடியேன்."

"பிடிக்கிறேன் அம்மா. எதற்கு?"

"எங்க வூட்டுக்காரரு போய் பத்து வருசம் ஆச்சு. அவரு போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் கீது. கல்யாண வூட்ல எவனோ புடிச்சது. அதுல சட்டை தெரியுது, மாலை தெரியுது, மூஞ்சி தெரியல்ல. கரியாட்டம் கீது. அதுக்குத்தான் தெனம் வெளக்கு வைக்கிறேன். எனக்காவது மூஞ்சி தெரியறாப்பல ஒண்ணு இருக்கட்டும்."

கடலுக்கு முன்னால் அவளை உட்கார வைத்துப் பொத்தானை அமுக்கினேன். கடல் பிரமாதமாக விழுந்தது. அலைநுரை தெரிந்தது, படகின் கொடி தெரிந்தது, தூரத்தில் நின்ற கப்பலின் புகைக்கூண்டு கூடத் தெரிந்தது. கிழவியின் முகம் மட்டும் கரியாட்டம் இருந்தது. படத்தை அவளிடம் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை நல்ல படமாக எடுத்துக் கொண்டு வருகிறேன்" என்று சொல்லி நழுவிவிட்டேன்.

இராத்திரி மருமகனைப் பிடித்துக் கொண்டேன். "வெள்ளைத் தூண் ஏன் அழுக்காச்சு? கிழவி முகம் ஏன் கரியாச்சு? எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும்னு சொன்னியே!"

அவன் சொன்ன பாடத்தை எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன்.

காமிராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதற்குப் பொருள் தெரியாது, ஆள் தெரியாது. உலகத்தில் உள்ள எந்தக் காட்சியும், சராசரியாகப் பார்த்தால், வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறத்தில்தான் இருக்கும் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். விழுகிற ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைப் போட்டோக்காரர்கள் வெகு காலமாக இதற்கு உரைகல்லாக வைத்திருக்கிறார்கள். வெள்ளைத் தூணைக் காட்டினால், 'அடடா, வெளிச்சம் அதிகம்' என்று கருவி குறைத்துவிடும். கறுப்பைக் காட்டினால், 'ஐயோ, வெளிச்சம் போதவில்லை' என்று கூட்டிவிடும். பளபளக்கும் கடலுக்கு முன்னால் கறுத்த முகத்தைக் காட்டினால், பெரிய இடத்தைப் பிடித்திருக்கும் கடலுக்குத் தகுந்தபடி கணக்குப் போடும். முகம் இருட்டில் போய்விடும்.

சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு சர்க்கார் குமாஸ்தா. எல்லா மனுவையும் ஒரே சட்டத்தின்கீழ் பைசல் செய்கிறது.

சரி, பரிகாரம் என்ன? வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் நம் கையில் மூன்று பிடிகள் இருக்கின்றன. லென்ஸின் துவாரம் ஒன்று. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் இன்னொன்று. ஐ.எஸ்.ஓ. என்று எண் போட்டிருக்கும் உணர்திறன் மூன்றாவது. இந்த மூன்றும் எப்படி அளக்கப்படுகின்றன என்று கேட்டபோதுதான் எனக்கு உற்சாகம் பிறந்தது. ஒவ்வொரு படியும் முந்தின படியைப் போல இரட்டிப்பு அல்லது பாதி. ஒரு விநாடியில் 250-ல் ஒரு பங்கு நேரம் திறந்தால் ஒரு பங்கு வெளிச்சம் என்றால், 125-ல் ஒரு பங்கு நேரம் திறந்தால் இரண்டு பங்கு. உணர்திறன் 100, 200, 400 என்று போகும்.

இது நம் பாட்டியின் அரிசிப் பானைக் கணக்கு அல்லவா! இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆழாக்கிலிருந்து படி வரை ஒவ்வொன்றும் இரட்டிப்பு. காமிராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. கூட்டல் ஒன்று என்று வைத்தால் ஆழாக்கு போட்ட இடத்தில் உழக்குப் போடுகிறோம். கூட்டல் இரண்டு என்றால் உரி. "குமாஸ்தா சொன்னது இருக்கட்டும். இந்தக் கிழவிக்கு ஓர் உழக்கு அதிகமாகக் கொடு" என்று எஜமானன் போடும் உத்தரவு அது.

இந்த உழக்குக் கணக்கு எனக்கு ஒரு பழைய பஞ்சத்தை ஞாபகப்படுத்திவிட்டது. அதற்கு வருவதற்கு முன்னால் சென்னையில் காமிரா வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ராயபுரத்தில் ரயில் புறப்பட்ட அதே 1856-ல்தான் சென்னையில் போட்டோக்காரர்களின் சங்கம் ஒன்றும் புறப்பட்டது. அதற்கு மூல புருஷர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர். 1850-ல் பிராட்வேயில் அவர் ஆரம்பித்த சித்திரப் பள்ளிக்கூடம்தான் வளர்ந்து இன்றைய கவின்கலைக் கல்லூரி ஆயிற்று. அதே 1856-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ காப்டனைச் சென்னை ராஜதானியின் சர்க்கார் போட்டோக்காரராக நியமித்தார்கள். அவர் 1857-லும் 58-லும் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டிகளில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக் கொண்டு சுற்றினார். மெழுகு பூசிய காகிதத்தில் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார்.

அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல ஒளிதான் கண்ணில் படும். பச்சையும் சிவப்பும் அதற்கு இருட்டு. ஆகவே கோபுரத்துக்கு வேண்டிய அளவு நேரம் திறந்து வைத்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். மரங்கள் கறுப்புத் திட்டாகிவிடும். டிரைப் என்ன செய்தார்? தூரிகையை எடுத்து நெகடிவின்மேல் வர்ணம் தீட்டினார். வானத்தில் மேகம் வரைந்தார். மரங்களுக்கு இலை கொடுத்தார். தமிழ்நாட்டு வானத்தின் மிகப் பழைய புகைப்படங்கள் சிலவற்றில் நாம் காணும் மேகங்கள் ஒரு காப்டனின் கைவேலை.

1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், சர்க்கார் கஜானா இருக்கும் நிலையில் போட்டோ ஓர் ஆடம்பரம் என்று அந்த இலாகாவை மூடச் சொன்னார். மறு வருஷம் அவரையே திருப்பி அழைத்துக் கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தத் தூரிகை வேலையைத்தான் இன்றைக்குக் காமிராவே செய்கிறது. மருமகன் அதையும் காட்டினான். வெளிச்ச அளவுக்கு அடுத்தபடியாக, 'ஸ்டைல்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சாதாரணம், உருவப்படம், இயற்கைக் காட்சி, நடுநிலை, கறுப்பு வெள்ளை என்று அதில் பல தினுசுகள். காமிராவின் உள்ளே இருக்கும் சில்லுக்கு உண்மையில் நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி விழுந்தது என்று மட்டும் தெரியும். அதன்மேல் சிவப்பு, பச்சை, நீலச் சிறு கண்ணாடிகளைப் பதித்து, பிறகு நிறத்தைக் கணக்குப் போட்டு வருவிக்கிறார்கள். அந்தக் கணக்கின் முடிவில் நிறம் எவ்வளவு தூக்கலாக இருக்க வேண்டும், நிழலுக்கும் ஒளிக்கும் எவ்வளவு வித்தியாசம் வேண்டும், ஓரங்கள் எவ்வளவு கூர்மையாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான் 'ஸ்டைல்'. 'இயற்கைக் காட்சி' என்று வைத்தால் நீலமும் பச்சையும் கொழிக்கும். 'உருவப்படம்' என்று வைத்தால் தோல் மழமழவென்று ஆகும். 'நடுநிலை' என்று வைத்தால் படம் சப்பென்று இருக்கும்; ஆனால் உள்ளதுக்குச் சற்று அருகில் இருக்கும். நமக்கு ஒன்றும் வேண்டாம், கச்சாவாக விழுந்ததை அப்படியே வைத்துக்கொள் என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. அது பழைய நெகடிவுக்குச் சமானம்.

இனிப் பஞ்சத்துக்கு வருவோம்.

1876-ல் ஆரம்பித்து 1878 வரை நீடித்த பஞ்சத்தை நம் ஜனங்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்கள். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அப்போது சென்னையில் துறைமுகம் இல்லை. 1875 டிசம்பரில்தான் வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டியிருந்தார். கப்பலில் வந்த தானியம் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்து, கடற்கரை மணலில் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. உள்நாட்டில் ஜனங்கள் செத்துக் கொண்டிருந்தார்கள். 1877-ல் கல்கத்தாவிலிருந்து வந்த ஸர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று படி அளந்தார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், மண் வெட்டுகிறவனுக்கு இது போதாது என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். அப்படிக் கூலி வாங்கிய கைகள் வெட்டியதுதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி. அந்தக் கால்வாயின் வடபகுதி எண்ணூர் வழியாகத்தான் போகிறது.

அந்தப் பஞ்சத்தில் காமிராவும் இருந்தது. சென்னைப் படையைச் சேர்ந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற அதிகாரி பஞ்சத்தில் அடிபட்டவர்களைப் படம் எடுத்தார். அந்தப் படங்களை நான் பார்த்திருக்கிறேன். எலும்பும் தோலுமான ஜனங்களை, குடும்பம் குடும்பமாக, முன்னால் குழந்தைகளும் பின்னால் பெரியவர்களுமாக வரிசைப்படுத்தி உட்கார வைத்திருக்கிறார். அந்நாளில் வழக்கத்தில் இருந்த ஈரத் தகட்டு முறையில் சில விநாடிகளாவது ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அவர்கள் ஆடவில்லை. ஆடுவதற்கு உடம்பில் பலம் இருந்திருக்காது.

அந்தப் படங்களில் வெளிச்சம் துல்லியமாக அளக்கப்பட்டிருக்கிறது. கறுத்த தோல் கறுப்புத் திட்டாகிவிடவில்லை. ஒவ்வொரு விலா எலும்பையும் எண்ணலாம். வெளிச்சத்தில் உழக்குக் குறையவில்லை; கஞ்சியில்தான் குறைந்தது. படம் எடுத்த துரை அந்த ஜனங்களுக்கு ஒரு கவளம் கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவர் பெயரோடு இன்றும் ஒட்டிக் கொண்டிருக்கிறது. அது மெய்யோ பொய்யோ, அதே ஹூப்பர் 1886-ல் மாந்தளையில் செய்தது பகிரங்கமான விஷயம். பர்மியக் கைதிகளை நிறுத்திச் சுடும்போது, குண்டு பாயும் கணத்தில் ஷட்டர் திறக்கும்படி நேரம் பார்த்துப் படம் எடுத்தார். லண்டனில் கூச்சல் எழுந்தது. பார்லிமெண்டில் கேள்வி வந்தது. விசாரணை நடந்து அவர் கண்டிக்கப்பட்டார்.

ஹூப்பரைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. அந்தப் படங்கள் இல்லாவிட்டால் தாது வருஷம் நமக்குக் கும்மிப் பாட்டாகவும் காகிதக் கணக்காகவும்தான் மிஞ்சியிருக்கும். அந்த முகங்கள் தெரிவதால்தான் ஐம்பது லட்சம் என்ற எண் நம்மைச் சுடுகிறது. வெளிச்சத்தைச் சரியாக அளந்தது குற்றமல்ல. அதை மட்டுமே அளந்து கொடுத்தது குற்றம்.

முகம் தெரியாமல் போவதும் ஒரு குற்றம்தான். கோடக் கம்பெனியார் கலர்ப் படங்களைச் சரிபார்க்க வெகு காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையே அனுப்பி வந்தார்கள். அவளுடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்தவர்களின் முகம் கரியாக விழுந்தால் அது அவர்கள் தலையெழுத்து. சாக்லேட் செய்கிறவர்களும் மரச்சாமான் விற்கிறவர்களும் 'எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை' என்று புகார் செய்த பிறகே பிலிமின் பழுப்பு திருந்தியது என்று அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். மேஜை நாற்காலிக்குக் கிடைத்த நியாயத்தில் மனிதனுக்கும் கொஞ்சம் கிடைத்தது!

ஞாயிற்றுக்கிழமை மருமகனும் நானும் கிளம்பினோம். முதலில் திருவொற்றியூர் தாண்டி எண்ணூருக்குப் போனோம். கழிமுகப் பாலத்தின் பக்கம் நின்று, பழக்க தோஷத்தில் 'இயற்கைக் காட்சி'யில் வைத்து ஒரு படம் எடுத்தேன். காமிராவின் முதுகில் தோன்றியது எண்ணூர் அல்ல. ஏதோ பிரயாணக் கம்பெனிக் காலண்டர். மங்கல் வானம் நீலமாகிவிட்டது. அனல் மின் நிலையங்களின் சாம்பல் படிந்து வழக்கு மன்றம் வரை போன தண்ணீர் மரகதமாகிவிட்டது. படம் அழகாக இருந்தது. ஆனால் பொய்.

2017 ஜனவரியில் இந்தக் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெல்லாம் படர்ந்தபோது மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு இந்தக் கழிமுகத்துக்குள்ளேயே எண்ணெய் புகுந்தது. படகும் வலையும் கூழைக்கடா நாரையும் கறுப்பாயின. அப்போது ஒருவன் காமிராவை அதன் போக்கில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எண்ணெயின் கறுப்பைக் குமாஸ்தா சாம்பலாக்கியிருப்பான். 'இயற்கைக் காட்சி' அதன்மேல் மிதக்கும் வானவில்லை மினுக்கியிருக்கும். கறுப்பைக் கறுப்பாகக் காட்ட வேண்டுமானால் ஓர் ஆழாக்கு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும்; 'நடுநிலை'யில் வைக்க வேண்டும். நஷ்ட ஈடு கேட்டு மனுப் போடும் வலைக்காரனுக்கு இது அலங்காரப் பிரச்னை அல்ல. அவன் படகில் படிந்தது எண்ணெயா, வெறும் அழுக்கா என்று மேஜைக்கு அப்பால் இருக்கும் அதிகாரி படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

உப்பளத்தில் வெள்ளைக்குக் கூட்டு, நிலக்கரிக்குக் குறை. மருமகனின் பாடத்தில் எனக்கு மிஞ்சியது இந்த ஒரு சூத்திரம்தான். வெள்ளை உப்பும் கறுப்பு நிலக்கரியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் எண்ணூரைவிட அதைக் கற்றுக் கொள்ள உகந்த இடம் வேறு கிடையாது.

காசிமேட்டுக்குத் திரும்பினோம். கிழவி அதே கூடைமேல் இருந்தாள்.

"வந்துட்டியா நைனா! வரமாட்டேன்னு நெனச்சேன்."

மருமகன் அவளைப் படகின் நிழலுக்கு நகர்த்தப் போனான். "கடலாண்டதான் ஒக்காருவேன்" என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அங்கேயே உட்கார வைத்து, 'நடுநிலை'யில் வைத்து, கூட்டல் ஒன்று போட்டேன். முகத்தில் கண் தெரிந்தது. கூட்டல் இரண்டு போட்டேன். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது, வெற்றிலைக் கறை தெரிந்தது, சிரிப்புத் தெரிந்தது. ஆனால் பின்னால் கடல் வெளுத்து, டிரைப் துரை மேகம் வரைவதற்கு முந்தின வானம் போல வெறும் தாளாகிவிட்டது.

"கடல் போயிட்டுதேம்மா!" என்றேன்.

காமிராவின் முதுகை வெகு நேரம் உற்றுப் பார்த்தாள். விரலால் தன் கன்னத்தைத் தொட்டாள். படத்தில் இருந்த கன்னத்தைத் தான் தொட்டாள்.

"கடல் எங்க போவப் போவுது? தெனம் பாக்கற கடல்தானே. மூஞ்சி கீது பாரு, அது போதும்."

பெரிய படமாகப் போட்டு மறு வாரம் கொண்டு போய்க் கொடுத்தேன். அப்போது தன் வீட்டுக்காரரின் படத்தை முந்தானையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள். பழைய காகிதப் பிரதி, நெகடிவ் கிடையாது. மருமகன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எவ்வளவோ கூட்டிப் பார்த்தான். சட்டை வெளுத்தது, மாலை வெளுத்தது, முகம் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் புள்ளிகள் வந்தன. படம் எடுத்த அந்தக் கணத்தில் ஓர் உழக்கு வெளிச்சம் போடாமல் விட்டுவிட்டால், பிறகு மரக்கால் மரக்காலாகக் கொட்டினாலும் பிரயோஜனம் இல்லை. பஞ்சத்தில் போடாத கஞ்சியும் அப்படித்தான்.

படத்தைத் திருப்பிக் கொடுத்து, "ஒன்றும் செய்ய முடியவில்லை அம்மா" என்றேன்.

"பரவால்ல நைனா" என்று சொல்லி அதை மறுபடியும் முந்தானையில் முடிந்து கொண்டாள். "எனக்குத்தான் தெரியுமே, அவரு மூஞ்சி."